வேர் மூச்சுவிட மடியும் கலங்கள்
கட்டுக்கரைக் குளத்து நீர் தேங்கிநிற்கும் நானாட்டான் வயலில் நெல் செழிக்கிறது. அதே சேற்றில் மிளகாய்க் கன்று சில நாள்களில் வாடி அழுகிவிடுகிறது. நெல்வேரினுள் நிகழும் ஒரு மரணமே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம்.

வேரின் புறணிக் கலங்களிற் சில தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. நீர் சூழ்ந்ததும் வெளியேற இயலாது வேரிலேயே தங்கிவிடும் எதிலீன் வாயு இதனைத் தூண்டுகிறது. கலமென்சவ்விலுள்ள நொதியப் புரதமொன்று, வேறு புரதங்களால் முடுக்கப்பட்டு, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகளை உண்டாக்கி அவ்வழிவை நடத்துகிறது. நம் உடலிலோ ஏழு புரத அலகுகள் சக்கரம்போற் கூடிக் கல மரணத்தைத் தொடக்குவதுண்டு. நெல்லின் வழி வேறு.

மடிந்த கலங்கள் விட்ட வெற்றிடமே இலையிலிருந்து வேருக்குக் காற்றுச் செல்லும் குழாய். அருவியாறு பெருகி இலைநுனியும் மூழ்கினால் அதன் பயன் சொற்பமே. மாரிக்கு முன்னரே வடிகால்களைத் தூர்வாருமாறு நாம் வலியுறுத்துவது இதனாலேயே.