இடிமேகத்தை அளந்த மியூவான்கள்

2014 டிசம்பர் 1. ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் கவிந்தது. மழைக்குப் பழகிய ஊர் அது. ஆனால் அங்குள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கருவிகள் வேறொன்றைக் கவனித்தன. வானிலிருந்து ஓயாமல் விழும் மியூவான்களின் எண்ணிக்கை 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்திருந்தது.

மியூவான், எலக்ட்ரானுக்கு அண்ணன் முறை. மின்னூட்டத்தின் அளவு ஒன்றுதான், நிறை மட்டும் சுமார் 200 மடங்கு. விண்வெளித் துகள்கள் நம் காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கிறது. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றாவது துளைத்துப் போகும். மேகத்தின் மின்னழுத்தம் அவற்றின் ஆற்றலைக் கூட்டும், குறைக்கும். நேர் மின்னூட்ட மியூவான்கள் சற்று அதிகம் என்பதால், மொத்தக் கணக்கிலும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. குறைந்த அந்த 2 சதவீதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது கிடைத்த விடை 130 கோடி வோல்ட்! அதுவரை பலூன்கள் அளந்ததைப் போல் பத்து மடங்கு. இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929-இல் கணித்துச் சொன்ன அளவை எட்டிய முதல் அளவீடு இதுதான். 2019-இல் முடிவு வெளியானது.

இதைச் செய்த 'கிரேப்ஸ்-3' டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) சோதனை. 560 சதுர மீட்டர் பரப்பில் வாயு நிரப்பிய 3,712 உலோகக் குழாய்கள். வெளியே மலைச்சரிவில் துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் உணர்கருவிகள் சுமார் 400. அந்தப் பிளாஸ்டிக்கை ஊட்டியிலேயே வார்த்தெடுத்தார்கள். வாங்கிப் பூட்டாமல் செய்து பார்க்கும் இந்த வழக்கம், 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பிடித்த தலைமுறையிலிருந்து வருவது.

துகள் இயற்பியல் என்றதும் நம் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஜெனீவாவும் கரும்பலகை நிறைந்த சமன்பாடுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சோதனைக் குழுவுக்குச் சால்டரிங் தெரிந்த கை வேண்டும். வாயுக் கசிவைத் தேடிப் பிடிக்கும் பொறுமை வேண்டும். சி++ எழுதவும் லினக்ஸில் புழங்கவும் தெரிய வேண்டும். நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதெல்லாம் இருக்கிறது, அல்லது ஆறு மாதத்தில் வந்துவிடும்.

வாசல்களும் இருக்கின்றன. டி.ஐ.எஃப்.ஆர். கோடையில் மாணவர்களை ஆய்வுக்கு அழைக்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஆண்டுதோறும் நுழைவுத் தேர்வு வைக்கிறது. இந்தியா 2017 முதல் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் இணை உறுப்பு நாடு. அதன் கோடைத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அங்குள்ள சி.எம்.எஸ். சோதனையில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்கிறது. அந்தச் சோதனையின் தரவுகளில் ஒரு பகுதி 2014 முதலே எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கணினியும் இணையமும் போதும். யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

எங்கும் போக வழியில்லாதவருக்கும் வேலை உண்டு. இரண்டு சிறிய உணர்கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டிலும் ஒரே கணத்தில் பதிவாகும் துடிப்பை மட்டும் எண்ண வேண்டும். அடுக்கைச் சாய்க்கச் சாய்க்க மியூவான்களின் எண்ணிக்கை குறையும். எந்தக் கோணத்தில் எவ்வளவு குறைகிறது என்று வரைபடம் போட்டால், ஒரு பருவத்துக்கான செயல்திட்டம் கல்லூரி மொட்டை மாடியிலேயே முடிந்துவிடும்.