மொரிஸ் மைனர் தானுந்தின் வேறுபாட்டுப் பல்லிணையை மாற்றுதல்

வேறுபாட்டுப் பல்லிணை என்பது தானுந்தின் பின் அச்சின் நடுவில் அமைந்து, பொறியின் திருப்புவிசையை இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பல்லிணைத் தொகுதி ஆகும். பேச்சு வழக்கில் இது டிஃபரன்சியல் எனப்படுகிறது. வளைவுகளில் வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவு செல்ல வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது இடமளிக்கிறது. 1956 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனர் 1000 தானுந்தில் இத்தொகுதியை வீட்டிலேயே மாற்றலாம்.

அமைப்பு

பொறியிலிருந்து வரும் உந்துதண்டு பினியன் எனும் சிறு பல்சக்கரத்தையும், அது கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தையும் சுழற்றுகின்றன. இவை பொருந்திய வார்ப்பு, அச்சு உறையின் முன்புறத்தில் எட்டு நட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. கிரவுனும் பினியனும் இணையாகவே தயாரிக்கப்படுபவை. அவற்றுக்கிடையேயான இடைவெளியைச் சரிசெய்யத் தனி அளவுக்கருவிகள் தேவை. எனவே ஒன்றை மட்டும் மாற்றாமல், முழுத் தொகுதியையும் மாற்றுவதே வீட்டுப் பணிக்கு ஏற்றது.

பழுதின் அறிகுறிகள்

வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் மாறும் ஊளை ஒலி முதன்மை அறிகுறியாகும். வடித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் காணப்படுவதும் தேய்மானத்தைக் காட்டும். சக்கரத் தாங்கிகளின் தேய்வும் ஒலி எழுப்பும் என்பதால் அவற்றை முதலில் சோதித்தல் நன்று.

மாற்றும் முறை

1. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்குகால்களில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது.
2. எண்ணெயை வடித்து, உந்துதண்டின் இணைப்பில் அடையாளமிட்டுக் கழற்ற வேண்டும்.
3. கைத்தடையைத் தளர்த்தி, சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் அகற்றி, இரு அரைத்தண்டுகளையும் வெளியே இழுக்க வேண்டும். இவை உள்ளே இருக்கும்வரை தொகுதி வெளிவராது.
4. கனமான தொகுதிக்கு அடியில் தாங்கல் கொடுத்து, எட்டு நட்டுகளையும் கழற்றி முன்னோக்கி எடுக்க வேண்டும்.
5. பரப்புகளைத் துடைத்து, புதிய காஸ்கெட்டுடன் மாற்றுத் தொகுதியைப் பொருத்தி, கழற்றியவற்றைத் தலைகீழ் வரிசையில் பூட்ட வேண்டும்.
6. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹைப்பாய்டு பல்லிணைகளுக்குரிய 90 தர எண்ணெயை நிரப்பு துளையின் விளிம்பு வரை ஊற்ற வேண்டும்.

பல் விகிதமும் வேகமானியும்

948 கன செ.மீ. பொறி கொண்ட வண்டிகளில் 4.55 விகிதமும், 1962 முதல் வந்த 1098 கன செ.மீ. வண்டிகளில் 4.22 விகிதமும் இருந்தன. பிற்கால எம்.ஜி. மிட்ஜெட்டின் 3.9 விகிதத் தொகுதியையும் சிலர் பொருத்துகின்றனர். இதனால் ஒரே வேகத்தில் பொறி மெதுவாகச் சுழலும். ஆனால் மேடேறும் திறன் குறையும்.

வேகமானி பற்சக்கரப் பெட்டியிலிருந்து இயங்குவதால், விகிதம் மாறினால் அது தவறாகக் காட்டும். 4.55 க்குப் பதிலாக 3.9 பொருத்திய வண்டியில் முள் 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 70 மைலாக இருக்கும். எனவே வாங்கும் தொகுதியின் பற்களை எண்ணிப் பார்ப்பது அவசியம்: பினியனில் 9, கிரவுனில் 41 எனில் விகிதம் 4.55; 9, 38 எனில் 4.22, 10, 39 எனில் 3.9 ஆகும். விகிதம் மாறினால் வேகமானியையும் அதற்கேற்பத் திருத்திய பின்னரே வண்டியைச் சாலையில் செலுத்த வேண்டும்.