ஒரு கன்சோலுக்கு எத்தனை கேம்? முதல்ல வயசைக் கேளுங்க!

புளியங்குடியில் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எலுமிச்சைத் தோப்பு இருக்குன்னு வைங்க. முதல் தோப்புல இதுவரைக்கும் மரத்துக்குச் சராசரியா 4,000 காய் பறிச்சாச்சு. ரெண்டாவதுல வெறும் 400. எது நல்ல தோப்பு? உடனே பதில் சொன்னா ஊர்க்காரங்க சிரிப்பாங்க. அவங்க முதல்ல கேட்கிறது, "கன்னு வச்சு எத்தனை வருஷமாச்சு?"

வீடியோ கேம் விற்பனையைப் பேசும்போது நாம இந்தக் கேள்வியைத்தான் மறந்துடுறோம்.

இதுவரை விற்ற மொத்த கேம்களை, இதுவரை விற்ற மொத்த கன்சோல்களால் வகுத்தா வர்ற எண்ணுக்கு 'அட்டாச் ரேட்'னு பேரு. பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000-ல். 12 வருஷத்துல 15 கோடிக்கு மேல் கன்சோல், 150 கோடிக்கு மேல் கேம் வித்தது. அதாவது கன்சோலுக்குச் சுமார் 10. நின்டென்டோ ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச்சில். 2024 மார்ச் கணக்குப்படி அதுக்கு 8.7. அப்போ பிஎஸ்2 தான் கெத்தா? அவசரப்படாதீங்க. ஒண்ணுக்கு வயசு 12, இன்னொண்ணுக்கு 7.

நின்டென்டோ வெளியிடும் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்:

2018 மார்ச்: 1.78 கோடி கன்சோல், 6.9 கோடி கேம். விகிதம் 3.9.
2021 மார்ச்: 8.46 கோடி கன்சோல், 58.7 கோடி கேம். விகிதம் 6.9.
2024 மார்ச்: 14.13 கோடி கன்சோல், 123.6 கோடி கேம். விகிதம் 8.7.

விகிதம் ஏறிக்கிட்டே போகுது. அதனால ஜனங்க வருஷா வருஷம் அதிகமா கேம் வாங்குறாங்கன்னு அர்த்தமா? இல்லை. வாங்கின கேம் கணக்கிலிருந்து திரும்பப் போகாது, கூடிக்கிட்டேதான் இருக்கும். புதுசா கன்சோல் வாங்குறவங்க வந்து சராசரியைக் கொஞ்சம் கீழே இழுப்பாங்க. அந்தக் கூட்டம் குறையக் குறைய விகிதம் தானாவே மேலே போகும்.

இப்போ கணக்கை மாத்திப் போடுங்க. ஒரு வருஷத்துல வித்த கேம்களை, அந்த வருஷம் சராசரியா ஜனங்க கையில் இருந்த கன்சோல்களால் வகுங்க. 2018 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் 6.35 கோடி கேம். கையில் இருந்தது சராசரியா ஒரு கோடி கன்சோல். விடை சுமார் 6. 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் 19.97 கோடி கேம், 13.3 கோடி கன்சோல். விடை வெறும் 1.5!

அதே கன்சோல், அதே கம்பெனி. ஒரு கணக்குல ஏறுது, இன்னொண்ணுல நாலுல ஒரு பங்கா இறங்குது. ரெண்டுமே பொய் இல்லை.

ஏன் இறங்குது? முதல் வருஷம் வாங்குறவங்க கேம் பைத்தியங்க. பின்னாடி வர்றவங்க பலருக்கு ரெண்டு மூணு கேம் போதும். ஸ்விட்ச் லைட், ஓஎல்இடி மாடல் வந்தப்போ பழையதை வச்சுக்கிட்டே புதுசு வாங்கினவங்களும் உண்டு; அலமாரியில் தூங்குற மெஷினும் வகுக்கும் எண்ணில் இருக்கும். கை மாறுற செகண்ட் ஹேண்ட் கேம் கணக்கிலேயே வராது. நம்ம ஊர்ல பிஎஸ்2-வோடு ஓடின திருட்டு டிஸ்க்கும் அப்படித்தான்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? கேம் ஸ்டுடியோ ஆரம்பிக்கணும்னு கனவு காணும் நண்பர்கள் நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. எந்த மெஷினுக்குக் கேம் செய்யறதுன்னு அவங்க முடிவெடுக்கணும். ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-ல் பிஎஸ்2-க்கு வந்தது. அப்போ பிஎஸ்3 வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனா இந்திய வீடுகளுக்குக் கட்டுப்படியான விலையில் இருந்தது பழைய பிஎஸ்2 தான். பழைய மெஷின்னா வீடுகள் அதிகம், ஒவ்வொரு வீட்டிலும் பசி குறைவு. புது மெஷின்னா வீடுகள் குறைவு, பசி அதிகம். அட்டாச் ரேட்டை மட்டும் பார்த்து இறங்கினா இந்த வித்தியாசம் தெரியாது. போட்ட காசு போன பிறகுதான் தெரியும்.

அதனால அடுத்த தடவை யாராவது ஒரு விகிதத்தைக் காட்டினா, அது கன்சோலோ காலேஜ் பிளேஸ்மென்ட்டோ, ரெண்டு கேள்வி கேளுங்க: "கீழே எதால வகுத்தீங்க? அதுக்கு வயசு என்ன?"