ஒரு மணி நேரம் நிற்கும் வேன்

1536 நவம்பரில் பாரிஸிலிருந்து வெனிஸுக்கு ஒன்பது பேர் நடந்தே கிளம்பினார்கள். தோளில் தோல் பை, கழுத்தில் ஜெபமாலை. நல்ல பனிக்காலம். பாசெல், கான்ஸ்டன்ஸ் என்று ஊர் ஊராகத் தங்கி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி 1537 ஜனவரி 8 அன்று வெனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பீட்டர் ஃபாவ்ர்; சவாய் நாட்டு மலைக் கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். இன்னொருவர் பாரிஸ் கல்லூரியில் அவருடைய அறைத்தோழரான நவார் நாட்டு ஃபிரான்சிஸ். ஐந்தாறு வருஷம் கழித்து, 1542 அக்டோபர் வாக்கில், இந்த ஃபிரான்சிஸ் முத்துக்குளித்துறைக்கு வந்து அதே மாதிரி ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார். நமக்கு அவர் சவேரியார். அவர் காலடி பட்ட ஊர்களில் முதலில் சொல்லப்படுவது மணப்பாடு.

ஆல்ப்ஸ் கிராமங்களுக்கு இன்று நம்மூர்க்காரர்கள் குழுக்குழுவாகப் போகிறார்கள். டிராவல்ஸ்காரர் கொடுக்கும் தாளில் நாளுக்கு மூன்று ஊர் இருக்கும். 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃபிராயோக்கில் ரயிலை விட்டு இறங்கி, பனியைக் கையில் அள்ளி ஒரு போட்டோ எடுத்து, இந்தியச் சாப்பாடு எங்கே என்று தேடினால் அந்த நாள் முடிந்தது. இந்த மாதிரிக் கூட்டிப்போகும் பயணத்துக்கு வழிகாட்டியவர் தாமஸ் குக். 1863ல் அவர் முதல் கூட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். அதில் போன ஜெமிமா மோரல் என்ற ஆங்கிலேயப் பெண் நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தார். விடியுமுன் எழுந்து, நீளப் பாவாடையோடு கணவாய் ஏறியிருக்கிறார்கள். ஏசி பஸ் எல்லாம் பிறகு வந்த சொகுசு.

மணப்பாட்டுக்கு வரும் டூர் வேனும் இதே வகைதான். மதுரையிலோ கோவையிலோ ராத்திரி கிளம்பி, விடியற்காலம் திருச்செந்தூர். முருகனைக் கும்பிட்டு, நாழிக்கிணற்றில் குளித்து, வள்ளி குகை பார்த்து, டிபன் முடித்துத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் மணப்பாடு. அடுத்து உவரி, சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம். நடுவில் மணப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? "ஒரு மணி நேரத்துல எல்லாரும் வண்டிக்கு வந்துரணும்" என்று கூட்டி வந்தவர் சத்தம் கொடுப்பார். மேட்டில் ஏறித் திருச்சிலுவைக் கோவில், கோவிலுக்கு வெளியே நின்று கடல் பின்னால் தெரிய ஒரு செல்ஃபி, குகையை எட்டிப் பார்த்து ஒரு 'உச்', பிறகு வேன் கதவு. கீழே இருக்கும் ஊருக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

மேட்டில் பார்க்க வேண்டியவை இருக்கத்தான் செய்கின்றன. 1540ல் புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர் பிழைத்தால் சிலுவை நடுவதாக நேர்ந்துகொண்டு, ஒடிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர் மரபு. 1581ல் கோவில் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு மேடு முழுக்கத் தலையாகத் தெரியும். கடலைப் பார்த்த குகையில் சவேரியார் தங்கினார் என்பார்கள். அவருக்கு முன்னால் அங்கே ஒரு சைவத் துறவி இருந்தார் என்றும் சொல்வதுண்டு. அலையடிக்கும் இடத்தில் ஊறும் நல்ல தண்ணீர்க் கிணறு அங்கேயும் உண்டு. காலையில் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு வந்த வேன்காரர்களுக்கு இதைச் சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், குகையில் இன்னும் பத்து நிமிஷம் நிற்பார்கள். ஒரு கடற்கரையில், அடுத்தடுத்த இரண்டு தலங்களில், குகையும் கிணறும்!

ஊருக்குள் இறங்கினால்தான் கதை விரிகிறது. தெருக்கள் குறுகல், வீடுகள் பெரிசு. வளைவு வைத்த வராந்தா, முகப்பில் சுதை வேலை, மரத்தூண், ஆளுயர ஜன்னல். வந்தவர்கள் எல்லாம் இவற்றைப் 'போர்ச்சுக்கீசியர் கட்டிய வீடு' என்று வீடியோவில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தது 1658ல். இந்த வீடுகளுக்கு அவ்வளவு வயது கிடையாது. கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்து சம்பாதித்த மணப்பாட்டுப் பரதவர்கள் கட்டிக்கொண்டவை இவை. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பல வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது, திருவிழாவுக்குத் திறக்கும். கட்டியவன் பெயரை விட்டுவிட்டுப் போனவன் பெயரைச் சொல்வதில் நமக்கு என்ன குஷியோ!

யாகப்பர் கோவிலைத் தாண்டிக் கரைக்குப் போனால் அடுத்த சங்கதி. டூர் கூட்டம் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் தொழிலுக்குப் போகமாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். ஆகவே கூட்டம் பார்ப்பது கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளை மட்டும். வார நாள் காலையில் வந்தால் அதே இடம் வேறு ஊர். படகு மணலைத் தொட்டதும் நாலு பேர் தோள் கொடுத்து இழுப்பார்கள். வலையிலிருந்து பாறை, சீலா, நண்டு என்று பிரித்து மணலில் கொட்டுவார்கள். ஏலம் கூறுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போக, சுற்றி நிற்கும் வியாபாரி வாயால் கூடச் சொல்வதில்லை, தலையை ஆட்டுவதோடு சரி. சிங்கி இறால் கிடைத்திருந்தால் அது தனி. அதற்கு மட்டும் குரல் மாறும். பத்து நிமிஷத்தில் குவியல் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். ஆல்ப்ஸில் இதற்கு ஈடாக எதைக் காட்டுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டு மணியும் பாலாடைக்கட்டியும் காட்டுவார்கள், டிக்கெட்டும் வாங்குவார்கள்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு இரண்டு விஷயம் உண்டு. சுவிஸ் நடைபயணப் பாதைகள் சுமார் 65,000 கிலோமீட்டர். அவற்றில் நிற்கும் மஞ்சள் பலகை அடுத்த ஊருக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று சொல்லும். நடக்க வருகிறவன் ஊரில் தங்குவான், சாப்பிடுவான். பணம் ஊரில் நிற்கும். இரண்டாவது, கூட்டத்தை அடக்குவது. ஆஸ்திரிய ஆல்ப்ஸில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஹால்ஸ்டாட் கிராமம், டூர் பஸ்களின் தொல்லை தாங்காமல் 2020ல் ஒரு விதி கொண்டுவந்தது: பஸ் முன்கூட்டி நேரம் பதிய வேண்டும், வந்தால் குறைந்தது இரண்டரை மணி நேரமாவது நிற்க வேண்டும். வந்தவுடன் ஓடாதே என்பதுதான் அதன் சாரம். சுவிஸில் இசெல்ட்வால்ட் என்ற ஏரிக்கரை ஊரில், கொரிய டிவி தொடரில் வந்த படகுத்துறையில் நின்று போட்டோ எடுக்க 5 பிராங்க் வாங்குகிறார்கள். இங்கே எடுத்த 'நீர்ப்பறவை', 'கடல்' படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மணப்பாடு ஒரு பைசா வாங்கியதில்லை. வாங்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் ஒரு டீயாவது ஊருக்குள் குடித்துவிட்டுப் போகலாம்.

வழிகாட்ட வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் இருப்பார், உபதேசியார் இருப்பார், அலைச்சறுக்கு பழகிய பையன்கள் இருக்கிறார்கள். கருமேனியாறு கடலில் விழும் இடத்தில் மணல்திட்டு எப்படி ஒதுங்கி உள்ளே தண்ணீர் தேங்குகிறது, ஆடி மாசக் கச்சான் காற்றில் அது எப்படி மாறும் என்பதை அந்தப் பையன்களைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பனை ஓலையில் பெட்டி முடையும் பெண்களைப் பார்த்துவிட்டு, குதிரைமொழித் தேரியின் செம்மணலில் கொஞ்சம் நடந்தால் அரை நாள் நிறைந்துவிடும். பங்கும் பஞ்சாயத்தும் சேர்ந்து நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் போதும். தங்குவதற்கு மட்டும் வழி வேண்டும். இப்போது பெரும்பாலோர் திருச்செந்தூருக்குத்தான் திரும்புகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இரண்டையாவது அவற்றின் சொந்தக்காரர்கள் திறந்துவிட மனசு வைக்கலாம்.

அவசரமும் இருக்கிறது. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். ராக்கெட் கிளம்பும் நாளில் மேட்டில் ஏறி நின்று பார்க்க எத்தனை வேன் வரும் என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குலசை தசரா கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள். எத்தனை வண்டியை உள்ளே விடுவது, எங்கே நிறுத்துவது என்பதை முதல் ராக்கெட் கிளம்புமுன் பேசி முடித்தால் நல்லது.

அதற்குள் போக நினைப்பவர்கள் செவ்வாய், புதன் என்று பார்த்து, விடியற்காலமே கரையில் இருக்கிற மாதிரிப் போங்கள். திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். விலையைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சீனி கலக்காதது மலிவாகக் கிடைக்காது.