மூன்று கோப்பைத் தேநீர்: ஒரு நூலும் அதன் கணக்கும்



'மூன்று கோப்பைத் தேநீர்' என்னும் ஆங்கில நூலைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க மலையேற்ற வீரர் கிரெக் மோர்ட்டென்சன், எழுத்தாளர் டேவிட் ஆலிவர் ரெலினுடன் சேர்ந்து 2006ஆம் ஆண்டு வெளியிட்டது. இலட்சக்கணக்கில் விற்றது. பள்ளிகளிலும் ஆலய வாசகர் குழுக்களிலும் படிக்கப்பட்டது. இன்றும் அன்பளிப்பாகக் கைமாறுகிறது. எனவே, இதைக் கையில் எடுப்பவர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மோர்ட்டென்சனின் பெற்றோர் தான்சானியாவில் பணியாற்றிய லூத்தரன் மறைப்பணியாளர்கள். வலிப்பு நோயால் 1992இல் இறந்த தம் தங்கையின் நினைவாக, 1993இல் 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2 சிகரத்தில் ஏற முயன்று தோற்றார். இறங்கும்போது வழிதவறி, வட பாகிஸ்தானின் பல்திஸ்தான் பகுதியில் கோர்ஃபே என்ற சிற்றூரை அடைந்தார் என்றும், அவ்வூர் மக்கள் அவரைப் பேணிக் காத்தனர் என்றும் நூல் கூறுகிறது. அங்கே பிள்ளைகள் கூரையின்றி, குளிர்ந்த மண்ணில் அமர்ந்து எழுதிப் பழகுவதைக் கண்டு, பள்ளி கட்டித் தருவதாக வாக்களித்தாராம். சுவிட்சர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜீன் ஹோர்னி 12,000 டாலர் கொடுத்தார். கோர்ஃபேயில் பள்ளி எழுந்தது.

நூலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாலத்தின் கதைதான். மரமும் சிமெண்டும் வாங்கிக்கொண்டு வந்து நின்றவரிடம், ஊர்த் தலைவர் ஹாஜி அலி, முதலில் பிரால்டு ஆற்றின்மேல் பாலம் வேண்டும் என்கிறார். பாலம் இல்லாமல் அந்தச் சாமான்களை ஊருக்குள் எப்படிக் கொண்டுசெல்வது? கொடுக்க வந்தவர் நினைத்தது பள்ளி. ஊரார் நினைத்தது அதற்கு முன்னுள்ள படி. தருமம் செய்யப் புறப்படும் எந்தக் குழுவும் இந்த ஒரு பகுதிக்காகவே இந்நூலைப் புரட்டலாம். தலைப்பிலுள்ள தேநீரும் அதே தலைவர் கற்றுத்தந்த பாடம்தான்: வேலையை அவசரப்படுத்தாமல், அந்நியன் உறவினனாகும்வரை ஊராரோடு அமர்ந்திருப்பது.

ஆனால் 2011 ஏப்ரலில் நிலைமை மாறியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'அறுபது நிமிடங்கள்' நிகழ்ச்சியும், எழுத்தாளர் ஜான் கிராக்கவரும், நூலின் முக்கிய நிகழ்ச்சிகள் சொல்லப்பட்டபடி நடக்கவில்லை என்று வெளிப்படுத்தினர். கிராக்கவர் வெறும் குறைகூறி அல்லர். இப்பணிக்கென்று 75,000 டாலருக்குமேல் கொடுத்தவர். 1993இல் மோர்ட்டென்சன் கோர்ஃபேயை மிதிக்கவே இல்லை, அடுத்த ஆண்டுதான் அங்கே சென்றார் என்பது அவர் கண்டது. சம்பவங்களின் காலத்தைச் சுருக்கிச் சொன்னதாக மோர்ட்டென்சனும் ஒப்புக்கொண்டார்.

அதைவிட என்னை உறுத்துவது வசீரிஸ்தான் அத்தியாயம். அங்கே தாம் கடத்தப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். நூலில் கடத்தியவர்களாகப் படத்துடன் காட்டப்பட்டவர்களில் ஒருவரோ, அவரை விருந்தாளியாகவே வைத்திருந்தோம் என்றார். அது உண்மையானால், உபசரித்தவர்களே உலகின் முன் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டார்கள். மறைக்கல்வி வகுப்பில் பொய்ச்சான்று என்று நாம் படித்தது இதைத்தான்.

பணக் கணக்கும் சரியாக இல்லை. மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் விசாரித்து, 2012இல் அறிக்கை வெளியிட்டது. மோர்ட்டென்சனின் அறக்கட்டளை நன்கொடைப் பணத்தில் அவருடைய நூல்களைப் பெருமளவில் வாங்கியதும், அதற்குரிய ஆசிரியர் பங்குத்தொகை அவருக்கே போனதும் தெரியவந்தது. பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை அவர் திருப்பிச் செலுத்த உடன்பட்டார். இந்தப் பணத்தில் சிறுபிள்ளைகளின் செப்புக்காசுகளும் உண்டு. ஒரு தொடக்கப் பள்ளியில் மட்டும் 62,000க்கும் அதிகமான காசுகள் சேர்ந்தன என்று நூலே பெருமையுடன் சொல்கிறது.

தொலைக்காட்சிக் குழுவினர் ஏறக்குறைய முப்பது பள்ளிகளைப் பார்வையிட்டனர். அவற்றில் சுமார் பாதி வெறுமையாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது ஆதரவின்றி விடப்பட்டவை. இது எப்படி நேர்கிறது? கட்டடத்துக்கு ஒருமுறை செலவு. ஆசிரியருக்கோ மாதந்தோறும் சம்பளம். திறப்பு விழாவுக்கு நிழற்படம் உண்டு, ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்துக்கு இல்லை. நன்கொடையாளரின் ஆர்வம் படத்தோடு நின்றுவிட்டால், ஆசிரியர் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடுவார். நாம் ஏதேனும் பள்ளிக்கு உதவும்போது, "எத்தனை அறைகள்?" என்று கேட்பதோடு, "ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு?" என்றும் கேட்கலாம். தணிக்கை செய்த கணக்கைக் கேட்பதும் நம்பிக்கைக் குறைவு ஆகாது.

ஆகவே இந்நூலைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் வாழ்க்கை வரலாறாக அல்ல, சரிபார்க்க வேண்டிய கதையாகப் படியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் 2011இல் நடந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். சிறுமிகள் உட்பட பல பிள்ளைகள் இப்பணியால் உண்மையாகவே பயன்பெற்றனர் என்பதைக் கிராக்கவரும் மறுக்கவில்லை. கோர்ஃபேயின் பள்ளி கற்பனை அன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஹாஜி அலி, பள்ளியை எதிர்த்த ஒருவருக்குப் பன்னிரண்டு செம்மறிக் கடாக்களைக் கொடுத்து அதைக் காத்தார் என்றும், அவருடைய பேத்தி பின்னர் மேற்படிப்புக்காக ஸ்கார்டு நகருக்குச் சென்றார் என்றும் நூல் சொல்கிறது.