47 பேரில் ஒருவர்: தீவுப் பள்ளியில் பாலின அடையாள ஆய்வு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபார் தீவுகளில் எண்ணப்பட்டவர்கள் 3,80,581 பேர். அவர்களில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களிலும் சேராமல் 'பிற' என்று பதிவானவர்கள் 47 பேர் மட்டுமே. அந்த 47 பேரில் 5 பேர் ஆறு வயது வரையிலான குழந்தைகள். மீதமுள்ள 42 பேரில் 31 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதாவது நூற்றுக்குச் சுமார் 74 பேர். நாடு முழுவதும் இப்படிப் பதிவான 4,87,803 பேரிடையே எழுத்தறிவு 56 சதவீதம்தான். தீவுகளின் நிலை எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் 42 பேரை வைத்துச் சதவீதம் போடும்போது, இன்னும் இருவர் படித்திருந்தாலே கணக்கு ஏறக்குறைய 5 புள்ளி மாறிவிடும்.

பாலின அடையாளத்தைப் பற்றி ஆய்வுத்திட்டம் செய்ய விரும்பும் ஸ்ரீ விஜயபுரம் மாணவர் (2024 செப்டம்பர் வரை அந்த ஊர் போர்ட் பிளேர்) முதலில் பார்க்கவேண்டிய அட்டவணை இது. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கும் இடத்தில் யாரைப் பற்றி என்ன எழுதினாலும், ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயரை மறைத்தால் போதாது. 'வயது 34, இன்ன பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறார்' என்று எழுதினாலே அந்தத் தெரு முழுக்க அவர் யாரென்று சொல்லிவிடும்.

தீவுகளின் பள்ளிகள் பெரும்பாலும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குபவை. பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியலில் 20 மதிப்பெண் ஆய்வுத்திட்டத்துக்கு உண்டு. உளவியலில் தனிநபர் ஒருவரைப் பற்றிய விவர ஆய்வு எழுதவேண்டும். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய, தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. பாலின அடையாளத்தை எடுத்துக்கொள்ள இவை எல்லாமே நல்ல வாய்ப்புகள். எடுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்த விஷயத்தைப் பேச்சுக்கே எடுக்காத பள்ளியில் பிள்ளைகள் அதைக் கேலியின் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தக் கேலி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. யுனெஸ்கோவின் புதுடெல்லி அலுவலகம், சென்னையின் சகோதரன் அமைப்போடு சேர்ந்து, பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக 60 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 43 சதவீதம் பேர் சொன்னார்கள். பள்ளி நிர்வாகத்திடம் புகார் செய்தவர்கள் 18 சதவீதம்தான். படிப்பை விட்டதற்கு இந்தத் துன்புறுத்தலே முக்கியக் காரணம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 2022 பிப்ரவரியில் ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சக மாணவர்களின் தொடர் கேலியைப் பள்ளி தடுக்கவில்லை என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அவருடைய தாய் அதே பள்ளியில் ஆசிரியை.

பாடநூல்களில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர் ஒரு மாணவிதான். டெல்லியைச் சேர்ந்த, 16 வயதான, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. என்சிஇஆர்டி பாடநூல்களும் பல மாநிலங்களின் பாடநூல்களும் பாலின அடையாளத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. திருநர் உரிமைகளுக்கான 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2019 சட்டமும் வந்த பிறகும் இதுதான் நிலை. கேரளம் ஓரளவு விதிவிலக்கு. இதுதான் அவர் மனுவின் சாரம். 2025 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு, ஒன்றிய அரசுக்கும் என்சிஇஆர்டிக்கும் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பள்ளி மாணவர் ஒருவர் செய்யக்கூடிய ஆய்வுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. அந்த மாணவி எந்தத் திருநரின் வாழ்க்கையையும் தோண்டிப் பார்க்கவில்லை. பாடநூல்களை எடுத்துவைத்து, அவை எதைச் சொல்லாமல் விட்டன என்று பார்த்தார்.

ஆசிரியர்களுக்கும் வழிகாட்டுவாரில்லை. 2021 அக்டோபர் இறுதியில் என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது, சில நாட்களிலேயே கையேடு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்ட பிள்ளை தன்னைப் பெண்ணாக உணரலாம், பெண் என்று எழுதப்பட்டவர் தன்னை ஆணாக உணரலாம், வேறு சிலருக்கு உடற்கூறே பிறப்பில் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம், யார்மீது காதல் வருகிறது என்பது இவற்றிலிருந்து தனியான விஷயம்: இவ்வளவுதான் ஓர் ஆசிரியர் வகுப்பில் தயங்காமல் சொல்லவேண்டிய அடிப்படை. இது நோயல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஜனவரியில் அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. எனவே உளவியல் மாணவர் ஒரு திருநங்கையைக் கண்டுபிடித்து, மனநலக் கோளாறு என்ற தலைப்பின் கீழ் விவர ஆய்வு எழுதினால் அது அறிவியலாகவும் தவறு, அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதியும்கூட.

ஆபத்து இன்னும் சாதாரணமான இடத்திலும் இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பு ஒன்று. ஆய்வு செய்யும் மாணவி நல்ல எண்ணத்தோடு கூகுள் படிவம் தயாரித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள். 'உங்கள் பாலின அடையாளம்?' என்று ஒரு கேள்வி. விடை மூன்று: ஆண், பெண், மற்றவை. பெயர் கேட்கவில்லை. முடிவை வட்ட வரைபடமாக்கித் திரையில் காட்டும்போது, மெல்லிய கீற்று ஒன்றில் 2.5 சதவீதம் என்று வருகிறது. நாற்பதில் 2.5 சதவீதம் என்றால் ஒரே ஒரு பிள்ளை. இடைவேளை மணி அடிப்பதற்குள் அது யார் என்று வகுப்பு தேடத் தொடங்கிவிடும். படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதி அணைக்கப்படாமல் இருந்திருந்தால் தேடவே வேண்டாம், பதில் தாளிலேயே முகவரி இருக்கும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது, இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

சிபிஎஸ்இயின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளையே பாருங்கள். திருநர் மாணவர்களின் தேர்ச்சி 2024இல் 50 சதவீதம், 2025இல் 100 சதவீதம். ஒரே ஆண்டில் கல்வித்தரம் இரட்டிப்பானது என்று இதற்குப் பொருளில்லை. நாடு முழுக்கத் தேர்வெழுதியவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஆகவே பள்ளி ஆய்வுக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். சக மாணவர்களின் அடையாளத்தைக் கேட்கக்கூடாது; அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கேட்கலாம். ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் தந்த விடையைத் தனியாக அச்சிடக்கூடாது. வெளியிலுள்ள ஒருவரிடம் பேசுவதென்றால் அவர் 18 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும், ஆசிரியர் உடனிருக்கவேண்டும், எழுதியதை அவரிடம் வாசித்துக்காட்டி, அவர் 'இதை எடுத்துவிடுங்கள்' என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடவேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா என்ற கேள்வி எந்த வினாத்தாளிலும் இருக்கக்கூடாது.

ஆய்வு நடக்கும் நாட்களில் வகுப்பிலுள்ள ஒரு பிள்ளை ஆசிரியரிடம் வந்து, 'டீச்சர், எனக்கும் இப்படித்தான் இருக்கு' என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அந்த நொடியில் ஆசிரியர் கேட்டுக்கொண்டாலே போதும். அந்தப் பிள்ளையின் சம்மதமில்லாமல் வீட்டுக்குப் போன் போடுவது அவனையோ அவளையோ அடிக்கும் உதைக்கும் அனுப்பிவைப்பதாக முடியலாம். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அந்த 2012 சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் காக்கிறது. பிள்ளை ஆணா, பெண்ணா, திருநரா என்று அது பார்ப்பதில்லை.

உரிமைகளின் அடித்தளம் 2014 ஏப்ரல் 15. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடர்ந்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு, தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை நிபந்தனையாகாது என்றது. 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் திருநர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்ததையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. செல்லுலார் சிறையைப் பாடமாகப் படிக்கும் தீவு மாணவர்களுக்கு, அதே பிரிட்டிஷ் ஆட்சி செய்த இந்தக் காரியத்தையும் பாடமாகச் சொல்லலாம்.

2019 சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்வி நிலையம் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது விதித்தது. திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றது. வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கும் உடல், மன, பாலியல் கொடுமைகளுக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்தது. பெண்களுக்கெதிரான பாலியல் குற்றங்களின் தண்டனையோடு ஒப்பிட்டால் அது வெட்கப்படும்படி குறைவாக இருந்தது. 2020 விதிகள், துன்புறுத்தலுக்கு ஆளாகும் திருநர் மாணவர் அணுகக்கூடிய குழு ஒன்று கல்வி நிலையங்களில் இருக்கவேண்டும் என்றன. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம், அதாவது தீவுகளில் துணை ஆணையரிடம், தேசிய இணையவாசல் வழியாக விண்ணப்பிக்கும் முறையையும் இவை கொண்டுவந்தன. 18 வயதுக்குட்பட்டவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. வீட்டிலேயே எதிர்ப்பு இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. சான்றிதழ் தரும் முறை திருத்தத்துக்கும் கடும் விவாதத்துக்கும் உட்பட்டது. அன்றைக்கு நடப்பிலுள்ள விதி எதுவென்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுவிட்டுப் படிவத்தைத் தொடுவது நல்லது.

தமிழ்ப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தீவுகளின் மக்களில் ஏறக்குறைய 15 சதவீதம் தமிழர்கள். சொந்தபந்தம், செய்தி எல்லாம் சென்னையிலிருந்துதான் வரும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் பாலினச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகப் பிறப்பித்த முன்னோடி உத்தரவுகளும், இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தடுத்த 2019 மதுரைக் கிளைத் தீர்ப்பும் தமிழ்நாட்டில் பெரிய மாற்றம் கொண்டுவந்தவை. ஆனால் தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கீழ் வருபவை. சென்னைத் தீர்ப்புகளை அங்கே மேற்கோள் காட்டலாமே தவிர, அவை கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒன்றியச் சட்டமும்தான் அங்கே கையிலுள்ள ஆயுதம். பிள்ளையை 'மாற்றித் தருகிறேன்' என்று எந்த மருத்துவராவது சொன்னால், அது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்ததைச் சொல்லலாம். இது தீவுக்கும் பொருந்தும்.

துன்புறுத்தல் நடந்தால் முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் தரவேண்டும். தேதியும் முத்திரையும் போட்ட நகல் கையில் இருக்கவேண்டும். வாயால் சொன்ன புகாருக்குச் சான்று கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்குத் தமிழிலும் பேசும் டெலி மானஸ் 14416, இலவச சட்ட உதவிக்கு 15100. குழந்தைகளுக்குச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. அவசரமென்றால் 112.

2019 சட்டம் தாளிலேயே தங்கிவிட்டது என்பதை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே கடுமையாகச் சொன்னது. ஒரு பள்ளியில் வேலையிழந்து, இன்னொரு பள்ளியில் வேலை தரப்பட்டும் சேரவிடப்படாத திருநங்கை ஆசிரியை ஜேன் கௌசிக்கின் வழக்கு அது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு அளித்து, முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது. தூத்துக்குடியைச் சேர்ந்த திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு அதில் ஓர் உறுப்பினர்.

அப்படியானால் தீவு மாணவர்கள் ஆராயவேண்டியது பள்ளிகளையும் அலுவலகங்களையும்தான். தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. மகாத்மா காந்திக்கு 'தேசத் தந்தை' பட்டம் தந்த உத்தரவு எது என்று 2012இல் லக்னோவின் பள்ளிச் சிறுமி ஒருத்தி விண்ணப்பம் போட்டு, பெரிய அலுவலகங்களையே ஆவணம் தேட வைத்தாள். பத்து ரூபாய் கட்டணத்தோடு கல்வி இயக்குநரகத்துக்குப் போகவேண்டிய கேள்விகள்: தீவுகளில் எத்தனை பள்ளிகளில் 2020 விதிகள் சொல்லும் குழு இருக்கிறது? எத்தனை ஆசிரியர்களுக்குப் பாலின அடையாளம் பற்றிப் பயிற்சி தரப்பட்டது, எந்தத் தேதியில்? தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிகோபார் என மூன்று மாவட்டங்களின் துணை ஆணையர் அலுவலகங்களுக்கு இன்னொன்று: எத்தனை சான்றிதழ் விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை தரப்பட்டன, சராசரியாக எத்தனை நாள் ஆனது? பெயர் ஒன்றுகூடக் கேட்கவேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்ய இன்னும் 30 நாள் உண்டு. ஜூலையில் விண்ணப்பம் போட்டால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பதில்களை, அல்லது பதில் வராத விவரத்தை, ஆய்வறிக்கையில் சேர்த்துவிடலாம்.