நெல்லை அவிப்பதில் இருக்கிறது சூட்சுமம்

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். பச்சரிசிதான் உசத்தி, புழுங்கல் அரிசி மட்டம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயாமின் என்கிற வைட்டமின் பி1 பற்றித் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சோறு செரித்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்தால் மட்டும் போதாது. அது செல்லுக்குள் எரிந்து சக்தியாக வேண்டும். அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீப்பெட்டி இல்லாவிட்டால் என்ன செய்வது? அந்தத் தீப்பெட்டிதான் பி1. அது குறைந்தால் முதலில் தவிப்பவை நரம்பும் இதயமும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு பெரிபெரி என்று பெயர். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் உடம்பில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும்.

நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் சுரங்க வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழர்களுக்கு அது அபூர்வம். அவர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி, இவர்கள் தின்றது புழுங்கல். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907இல் புத்தகமாகவே எழுதினார். அதே சமயத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, இன்னொரு பக்கத்துக்குப் புழுங்கல் கொடுத்துப் பார்த்தார். கட்டடத்தில்தான் கோளாறோ என்று நடுவில் இரு பக்கத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். புழுங்கல் பக்கம் தப்பித்தது. அந்த விடுதியில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

காரணம் இதுதான். பி1 இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சையாகக் குத்தித் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தண்ணீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் பச்சரிசியில் மிஞ்சுவதைவிட இரண்டு மூன்று மடங்கு நிற்கும்.

தண்ணீரில் கரையும் என்பதுதான் இதில் சங்கடமும். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை அலசுவோம், வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவோம்; பாதி அங்கேயே தொலைந்தது. பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுவதும் பி1ஐக் கெடுக்கும்.

அரிசி மட்டுமில்லை. கம்பு, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், பன்றி இறைச்சி எல்லாவற்றிலும் பி1 உண்டு. சோற்றோடு பருப்பும் பயறும் சேர்த்துச் சாப்பிடுகிற வீட்டில் பயமில்லை. தினமும் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாதவர்களும், ஓயாமல் வாந்தி எடுக்கிற கர்ப்பிணிகளும்தான் கவனிக்கப்பட வேண்டியவர்கள். மூளையே பாதிக்கப்படலாம், டாக்டரிடம் தள்ளிப்போடாமல் அழைத்துப்போங்கள்.

டீயைக் குடியுங்கள். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், அதன் துவர்ப்பு பி1ஐப் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு உலை வைக்கும்போது அரிசி அலசுவதை இரண்டு தண்ணீரோடு நிறுத்துங்கள், கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள்.